மூளைக்காய்ச்சலும் நமது சங்கங்களும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் மின்ரயில் பாதையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசியாக வரும் நிலையம் ஆரம்பாக்கம். ரயிலடியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் முதலில் நெல்வயல்கள். அவற்றைக் கடந்தால் உவர் நிலம். அதற்கும் அப்பால் பழவேற்காடு ஏரி. ஏர் பிடிப்போரும் வலை வீசுவோரும் அடுத்தடுத்து வாழும் பகுதி இது.

இப்பகுதியில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் சங்கத் தணிக்கைக்காக அண்மையில் இரண்டு நாள் தங்கினேன். இரண்டாம் நாள் மாலை, பேரேடுகளை மூடி வைத்த பின்னர், நிர்வாகக் குழுவினர் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தனர். அவர்களுள் மூத்தவர் ஒருவர் தயங்கிய குரலில் தொடங்கினார்: "ஐயா, கணக்கு சரியாக இருக்கிறது. கணக்கில் வராத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்கும் நீங்கள் ஒரு வழி சொல்ல வேண்டும்."

சங்கதி இதுதான். சில வாரங்களுக்கு முன்னர் அவ்வூர்ச் சிறுவன் ஒருவனுக்குக் கடுங்காய்ச்சலும் வலிப்பும் கண்டு, சென்னை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கின்றனர். 'மூளைக்காய்ச்சல்' என்ற சொல் ஊருக்குள் பரவியது. 'பன்றியால் வரும் நோய்' என்ற பேச்சும் உடன் கிளம்பியது. ஊரின் தென்கோடியில் பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பம் ஒன்று உண்டு. அக்குடும்பத் தலைவர் சங்கத்தின் அங்கத்தினர். தவணை தவறாமல் கடனைச் செலுத்தி வருபவர். அவருடைய கடனைப் புதுப்பிக்கக் கூடாது, அவர் ஊரைவிட்டே வெளியேற வேண்டும் என்று ஒரு சாரார் கூறினர். கொக்குகள் அடையும் மரங்களை வெட்டிவிட வேண்டும் என்று இளைஞர் சிலர் கூறினர். இதற்கிடையில் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. சிறுவனுக்கு வந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அன்று. அவன் நலமுடன் திரும்பி வந்து பள்ளிக்கும் போகிறான். ஆயினும் ஊரின் அச்சம் திரும்பிப் போகவில்லை.

அன்றிரவு நான் அவர்களிடம் கூறியவற்றையும், பின்னர் மருத்துவ அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இவ்விதழின் வாசகர்களான அங்கத்தினர் யாவருக்கும் தெரிவிப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

நோயின் வரலாறு

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பது கொசுக்கடியால் பரவும் ஒரு வைரஸ் நோய். ஜப்பான் நாட்டில் 1871-ஆம் ஆண்டிலேயே இந்நோய் குறித்து வைக்கப்பட்டது. 1924-இல் அங்கே பெருங்கொள்ளை நோயாகப் பரவி ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. 1935-இல் இறந்த நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நாட்டில் முதலில் அறியப்பட்டதால் அப்பெயர் நிலைத்ததே அன்றி, அது ஜப்பானுக்கு மட்டும் உரிய நோயன்று.

நம் நாட்டில் இதன் வரலாறு நமது மாநிலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1952-இல் நாகபுரிப் பகுதியிலும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலும் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தபோதுதான், இவ்வைரஸ் இங்கே நடமாடுகிறது என்பதற்கான முதல் தடயம் கிடைத்தது. ஆரம்பாக்கம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் பிரிந்தது. 1955-இல் வேலூரில், வட ஆர்க்காட்டுப் பகுதிக் குழந்தைகளிடம் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும், 1952-இல் புனேயில் தொடங்கப்பட்ட வைரஸ் ஆய்வு மையத்தாரும் சேர்ந்து அதனை ஆராய்ந்தனர். 1958-இல் வேலூரில் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது.

பின்னர் நோய் வடக்கே பெரிதாக வெடித்தது. 1973-இல் மேற்கு வங்காளத்தின் பர்துவான், பாங்குரா மாவட்டங்களில் ஏறத்தாழ 700 பேர் நோயுற்று, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 2005-இல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் 5,700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 1,300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். இவை யாவும் நெல் விளையும் பூமிகள் என்பது கவனிக்கத்தக்கது.

நோய் செல்லும் வழி

இந்நோய் செல்லும் வழியை அறிந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

இவ்வைரஸின் இயற்கையான இருப்பிடம் கொக்கு, மடையான், வக்கா முதலிய நீர்ப்பறவைகள். பழவேற்காட்டுக்குப் பெயர் தேடித்தந்த பூநாரையும் கூழைக்கடாவும் இவ்வகையில் முதன்மையானவை அல்ல. வயல் வரப்பில் நிற்கும் கொக்கினமே முதன்மையானது. அப்பறவையைக் கடித்த கொசு வைரஸைப் பெற்று, அடுத்துக் கடிக்கும் உயிருக்குக் கொடுக்கிறது. அவ்வுயிர் பன்றியாக இருப்பின், அதன் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களில் ஏராளமாகப் பெருகுகிறது. வளர்ந்த பன்றி நோயுற்றதாகவே தெரிவதில்லை. ஆனால் சினைப்பன்றி கருச்சிதைவு அடையும். குட்டிகள் செத்துப் பிறக்கும். ஆகவே இந்நோயால் பன்றி வளர்ப்போரும் நட்டமடைகின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

அக்கொசு மனிதனைக் கடித்தால் வைரஸ் மனிதனுக்குள் புகுகிறது. அங்கே வழி முடிந்துவிடுகிறது. மனிதனின் இரத்தத்தில் அது, மற்றொரு கொசு பெற்றுச் செல்லும் அளவுக்குப் பெருகுவதில்லை. எனவே நோயாளியைத் தொடுவதாலோ, அருகில் இருப்பதாலோ, அவருடைய பாத்திரத்தில் உண்பதாலோ இந்நோய் ஒட்டாது. குதிரைகளும் மனிதரைப் போலவே மூளைக்காய்ச்சல் கண்டு துன்புறும். அவையும் நோயைப் பரப்புவதில்லை. மாடுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. இக்கொசு மனிதரைவிட மாட்டையே மிகுதியும் விரும்பிக் கடிக்கிறது. ஆயினும் மாட்டின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை.

இதனைப் பரப்பும் கொசு கியூலெக்ஸ் இனத்தைச் சார்ந்தது. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவது. இதுவோ நெல்வயலின் தேங்கு நீரிலும், புல் மண்டிய குட்டை ஓரங்களிலும் முட்டையிடுவது. பொழுது சாய்ந்த பின் வெளியில் கடிப்பது. பெரிதும் நன்னீரையே நாடும் ஆதலால், உவர்நீர் ஏரியைக் காட்டிலும் அதன் மேற்கே உள்ள வயல்களே இதற்குத் தொட்டில்.

இப்போது எண்ணிப் பாருங்கள். தேங்கு நீர் உழவருடையது, பன்றி மற்றொருவருடையது, பறவை யாருடையதும் அன்று, குழந்தையோ எல்லாருடையதும். பன்றிக்காரரை மட்டும் துரத்திவிட்டால் வயலில் கொசு குறையுமா? மரத்தை வெட்டினால் கொக்கு அடுத்த மரத்திற்குப் போகாதா? கொக்கு வயலில் பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்வதையும் எண்ண வேண்டாமா?

ஐயத்தின் மீது தீர்ப்பளிப்பதன் கேட்டிற்கு மலேயாவில் நேர்ந்ததே சான்று. 1998-99-இல் அங்கே பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். பயன் விளையவில்லை. பின்னரே அது நிப்பா என்னும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோரக்பூர் வட்டாரத்திலும் மூளைக்காய்ச்சல் எனப்பட்டவற்றுள் பல, உண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்த நுண்பூச்சிகளால் பரவும் ஸ்கிரப் டைபஸ் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆகவே காய்ச்சலுக்குப் பெயரிடும் பொறுப்பைப் பரிசோதனைக்கூடத்திற்கே விட்டுவிட வேண்டும்.

வயலில் செய்யத்தக்கது

முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க வெப்பமான நம் நாட்டில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதற்குள் வயல் ஒருமுறை உலர்ந்துவிட்டால் அத்தலைமுறை முழுவதும் அழிந்துபோகும். இதுவே 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் உழவர் கூறும் முறையின் இரண்டாவது பயன். முதற்பயன் நீர்ச் சிக்கனம். பயிர் வேர் பிடித்த பின்னரும் பூக்கும் பருவத்திற்கு முன்னரும் இதனைக் கையாளலாம். பூக்கும் பருவத்தில் நீரைக் குறைத்தல் கூடாது.

மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார், நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சுவதோடு, வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி யூரியாவோடு சேர்த்து வயலில் இட்டுச் சோதித்தனர். இதனால் இவ்வினக் கொசுப் புழுக்கள் குறைந்ததை 1990-களில் ஆய்வேடுகளில் வெளியிட்டனர். இப்போது கடைகளில் கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் இதுவும் ஒன்றென எண்ணிவிடலாகாது. அதில் உள்ள எண்ணெய் மிகச் சிறிதளவே. புண்ணாக்கு இடுவதன் அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஒரு மடையில் நீர் பெறும் பத்துப் பேரில் ஒருவர் மட்டும் வயலை உலர்த்தினால் பயனில்லை. இக்கொசு ஒரு மைலுக்கு மேலும் பறக்கவல்லது. அடுத்த வயலிலிருந்து வந்துவிடும். ஆதலால் மடைவாரியாக எல்லோரும் ஒரே நாளில் உலர்த்தல் வேண்டும். இது தனி ஒருவரால் இயலாதது; சங்கத்தால் மட்டுமே இயல்வது.

பழவேற்காட்டு மீனவருக்கு இதனை விளக்க நான் மிகவும் முயல வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் 'பாடு' முறை தொன்றுதொட்டு வழங்குகிறது. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிடுவர் என்று முறைவைத்து, ஒருவர் பாட்டில் மற்றவர் புகாமல் நடந்து வருகின்றனர். "நீருக்குப் பாடு வைத்தது போல வயலுக்கும் பாடு வைக்கச் சொல்கிறீர்கள்" என்று மூத்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

கொட்டிலில் செய்யத்தக்கது

பன்றிக் கொட்டில் குடியிருப்பிலிருந்து இயன்ற அளவு விலகி இருத்தல் வேண்டும். தெருவில் திரியவிடாமல் அடைத்து வளர்த்தல் வேண்டும். மாலை முதல் விடியும் வரை கொட்டிலின் மேலும் பக்கங்களிலும் கொசுவலை கட்டுதல் நலம். குட்டிகள் செத்துப் பிறந்தால் அதனை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். ஊருக்கு முன்னறிவிப்பாக அமையக்கூடிய செய்தி அது. துரத்தப்படுவோம் என்று அஞ்சும் குடும்பம் அச்செய்தியைச் சொல்லுமா? சொல்லாது. எனவே அக்குடும்பத்தை ஊரோடு அணைத்து வைத்திருப்பதே ஊருக்குப் பாதுகாப்பு.

மாட்டுக் கொட்டகை உள்ளோர், அதனை ஒட்டியே குழந்தைகளைப் படுக்க வைத்தல் ஆகாது. மாட்டை நாடி வரும் கொசு, அருகில் உறங்கும் குழந்தையையும் கடிக்கும்.

தறிவீட்டில் செய்யத்தக்கது

நெசவாளர் அன்பர்கள், 'வயலும் இல்லை, கொட்டிலும் இல்லை; நமக்கென்ன?' என்று எண்ணலாகாது. பொழுது சாய்ந்த பின்னும் விளக்கேற்றித் தறியில் அமர்வோரும், விடியுமுன் தெருவில் பாவு விரிப்போரும் கொசு கடிக்கும் நேரத்திலேயே உழைக்கின்றனர். தாயும் தந்தையும் தறியில் இருக்க, குழந்தை திறந்த திண்ணையில் உறங்கிவிடுவது நாம் நாள்தோறும் காண்பது. மாலை விளக்கேற்றும் நேரத்திலிருந்தே குழந்தையைக் கொசுவலைக்குள் உறங்கச் செய்தலும், முழுக்கை ஆடை அணிவித்தலும் வேண்டும்.

வலையைப் பற்றி மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஒரு கண் அறுந்தால் அன்றே முடிந்துவிடும் கைகள் அவை. அக்கைகளே வீட்டுக் கொசுவலையின் கிழிசலைப் பல மாதங்கள் பாராமல் விட்டிருப்பதை அன்றிரவு சில வீடுகளில் கண்டோம். சொல்லிக் காட்டியபோது அவர்களே நகைத்தனர்.

அறிகுறியும் உடனடிக் கடமையும்

இவ்வைரஸ் உடலில் புகுந்தோருள் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோயாக முற்றுகிறது. ஆனால் முற்றினால் அது கொடியது. கடும் நோயுற்றோருள் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை கை கால் முடக்கம், பேச்சுக் குறை, அறிவுத் தளர்ச்சி, வலிப்பு ஆகியவற்றோடு வாழ நேரிடுகிறது. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளையே இது மிகுதியும் தாக்குகிறது.

கொசு கடித்த 5 முதல் 15 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி தோன்றும். பின்னர்க் கழுத்து விறைத்தல், வலிப்பு, பிதற்றல், நினைவு தடுமாறல் ஆகியவை தொடரும். காய்ச்சலோடு வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ கண்டால், 'நாளை பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. 108 ஊர்தியை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

வலிப்பின்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் நீரோ மருந்தோ ஊற்றலாகாது, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். பற்களுக்கிடையே கரண்டி நுழைப்பதும், கையில் இரும்பைத் திணிப்பதும் வீண். மந்திரித்தலுக்கும் வேப்பிலை அடித்தலுக்கும் செலவிடும் ஒவ்வொரு மணியும் குழந்தையின் ஆயுளில் கழியும்.

இந்நோயின் வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. மருத்துவமனையில் மூச்சையும் வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கவனித்துக் காப்பதே சிகிச்சை. இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்தே நோயை உறுதி செய்வர். 'முதுகில் ஊசி போட்டால் கால் முடங்கிவிடும்' என்று அஞ்சிச் சிலர் மறுக்கின்றனர். அது வீண் அச்சம். அப்பரிசோதனையே உண்மையைக் காட்டுவது. மேலே சொன்ன சிறுவனின் நோய் இன்னதன்று என்று தெரிந்ததும் பரிசோதனையால்தான். அவன் தந்தை அதற்கு இசைந்திராவிடில், ஊரில் ஒரு குடும்பம் பழிசுமந்தே வாழ்ந்திருக்கும்.

தடுப்பூசி

மருந்து இல்லாத நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பது பெரும் ஆறுதல். கோரக்பூர்க் கொள்ளைநோயை அடுத்து, 2006 முதல் நம் நாட்டில் நோய் நிலவும் மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது. 2013 முதல் அம்மாவட்டங்களில் இரண்டு தவணை அளிக்கப்படுகிறது: முதலாவது 9 மாதம் நிறைந்தபின், இரண்டாவது 16 முதல் 24 மாதங்களுக்குள். இது இலவசம். கர்நாடகத்துக் கோலார்ப் பகுதியில் 1981-இல் கிடைத்த வைரஸைக் கொண்டு நம் நாட்டிலேயே உருவாக்கிய தடுப்பூசியும் 2013-இல் வெளிவந்தது.

தம் பகுதியின் தடுப்பூசி அட்டவணையில் இது உள்ளதா, தம் குழந்தைக்கு இரண்டு தவணையும் முடிந்தனவா என்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் ஒவ்வொரு அங்கத்தினரும் அட்டையைக் காட்டிக் கேட்டறிதல் வேண்டும். ஒரு தவணை போட்டுவிட்டு மறு தவணையை மறப்பது, கடனில் பாதியைக் கட்டிவிட்டு ரசீதைத் தொலைப்பது போலாகும்.

சங்கத்தின் பங்கு

'இது சுகாதாரத் துறையின் வேலையன்றோ? சங்கத்திற்கென்ன?' என்று கேட்கப்படலாம். நான் பல ஆண்டுகளாகக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். தவணை தவறிய கடன்களுக்குப் பின்னால், வறட்சிக்கு அடுத்தபடியாக நான் காணும் காரணம் நோய். முடங்கிய குழந்தை உள்ள வீட்டில் தாய் வேலைக்குப் போவதில்லை. தறியோ படகோ விலைக்குப் போகிறது. அதன்பின் எந்தப் பேரேட்டிலும் அவ்வீடு நிமிர்வதில்லை.

ஆகவே, சங்கங்கள் இவற்றைச் செய்யலாம். உபவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து கொசுவலை வாங்கி, ஏழை அங்கத்தினருக்குத் தவணையில் வழங்கலாம். மடைவாரியாக வயல் உலர்த்தும் நாளைக் குறித்துச் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ச் சுகாதார ஆய்வாளரையும் கால்நடை மருத்துவரையும் வேளாண் அலுவலரையும் ஒரே கூட்டத்திற்கு அழைக்கலாம். இம்மூவரும் தனித்தனியே வந்து போகின்றனர். நோயோ மூவர் எல்லையையும் கடந்து செல்கிறது.

நம் நாட்டில் முதன்முதல் தோன்றிய வேளாண் கடன் சங்கங்களுள் ஒன்று 1904-இல் இம்மாவட்டத்துத் திரூரில் பிறந்தது. ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பதே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. ஒருவர் குழந்தைக்கு மற்றவர் பொறுப்பேற்பது அதன் அடுத்த படியேயன்றி வேறில்லை.

அக்கிராமத்தில் நடந்ததையும் கூறி முடிக்கிறேன். அன்றிரவு நெடுநேரம் பேசிய பின், அந்த அங்கத்தினரின் கடனைப் புதுப்பிப்பதென நிர்வாகக் குழு முடிவு செய்தது. கொட்டிலை வீடுகளிலிருந்து தள்ளி அமைக்க அவர் இசைந்தார். கம்பு நடவும் வலை கட்டவும் மீனவ இளைஞர்கள் உதவினர். மரங்களை வெட்டும் பேச்சு நின்றுவிட்டது. வயல் உலர்த்தும் முறை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கடைமடையில் உள்ள இருவர், 'ஒருமுறை நீரை வடித்தால் மறுமுறை எங்கள் வயலுக்கு நீர் வந்து சேரும் என்பதற்கு யார் பொறுப்பு?' என்று கேட்கின்றனர். அக்கேள்வி நியாயமானது. தலைமடையில் உள்ளோர் அதற்கு எழுத்துமூலம் உறுதி கூற வேண்டும் என்று, அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கின்றனர்.

சம்பா நடவு நெருங்குகிறது. அவர்கள் கூறப்போகும் பதிலுக்கு அவ்வூர்க் குழந்தைகளின் நலன் காத்திருக்கிறது. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு சங்கத்தாரும் தத்தம் மடையிலும் அக்கேள்வியை எழுப்புவாராக.